‘அறியேன்’ என்பது அற்புதம் ஆகுமா?

“எனக்குத் தெரியவில்லை” என்று சொல்லும் துணிவு எல்லார்க்கும் வருவதில்லை. கற்றவன் சொல்லத் தயங்குவான். கல்லாதவன் சொல்ல நாணுவான். பூசாரியோ சொல்லவே மாட்டான். அந்தச் சொல்லைத் தயங்காமல், நாணாமல், ஏட்டிலே எழுதிக் கையொப்பமும் இடுபவன் ஆய்வாளன் ஒருவனே. அவனுக்குப் பெருமை தருவது அது. அந்தப் பெருமையையே பிடியாகக் கொண்டு, “பார்த்தாயா! உனக்கே தெரியவில்லை; ஆகவே இஃது ஆண்டவன் செயல்” என்று வழக்கை முடித்துவிடுவோரும் உலகிலே உண்டு. ‘தெரியவில்லை’ என்பதற்கும் ‘ஆகவே’ என்பதற்கும் இடையிலே எத்துணைப் பெரிய பள்ளம் இருக்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்தப் பள்ளத்தின் விளிம்பிலே நின்று எழுதப்பட்ட நூல் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். கனடா நாட்டு மருத்துவ அறிஞர் ஜாக்கலின் டஃபின் அம்மையார் எழுதிய ‘மெடிக்கல் மிராக்கிள்ஸ்’ என்னும் அந்நூல், 2009-இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தது. ‘மருத்துவ அற்புதங்கள்’ என்பது அதன் பெயருக்குப் பொருள். பெயரைக் கண்டதும் பகுத்தறிவாளர் முகம் சுளிக்கலாம். சுளிக்க வேண்டியதில்லை. எழுதியவர் குருதி நோய் வல்லுநர். கிங்ஸ்டன் நகரத்துக் குயின்ஸ் பல்கலைக்கழகத்திலே மருத்துவ வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். அனைத்திற்கும் மேலாக, கடவுள் நம்பிக்கை இல்லாதவர். நாத்திகர் ஒருவர் அற்புதங்களைப் பற்றி ஒரு நூல் முழுவதும் எழுத நேர்ந்தது எங்ஙனம்? அதுவே சுவையான வரலாறு.

கண்ணாடித் தகட்டிலே ஒரு கதை

1980-களிலே ஒரு நாள். டஃபின் அம்மையாரின் முன்னே கண்ணாடித் தகடுகள் வரிசையாக வைக்கப்பட்டன. ஒரு நோயாளியின் எலும்பின் உள்ளேயிருந்து எடுத்த மச்சை (மஜ்ஜை என்று மருத்துவர் வழங்குவது) அந்தத் தகடுகளிலே தடவப்பட்டிருந்தது. நோயாளி யார்? சொல்லப்படவில்லை. எதற்காகப் பார்க்க வேண்டும்? அதுவும் சொல்லப்படவில்லை. “கண்டதை எழுதுக” என்பது மட்டுமே கட்டளை. ஏதோ நீதிமன்ற வழக்குப் போலும் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

நுண்ணோக்கியிலே கண் வைத்தார். கண்டது, விரைந்து கொல்லும் குருதிப் புற்றுநோய். மருத்துவர் அக்யூட் மைலோபிளாஸ்டிக் லூக்கிமியா என்று அழைக்கும் கொடிய வகை. தகடுகள் 1978, 1979-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஒரு தகட்டிலே நோய் கொழுந்துவிட்டு எரிகிறது. மருந்துக்குப் பிறகு எடுத்த தகட்டிலே தணிந்திருக்கிறது. அடுத்ததிலே மீண்டும் தலைதூக்குகிறது. இரண்டாம் முறை மருந்து. இரண்டாம் முறை தணிவு. அதற்குமேல் கதை என்ன ஆகியிருக்கும் என்பதை அந்நாளைய மருத்துவர் எவரும் சொல்லிவிடுவர். ஒருமுறை மீண்டு வந்த நோய் மறுமுறையும் வரும், வந்தால் விடாது. ஆகவே, இந்தத் தகடுகளுக்கு உரியவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகியிருக்கும் என்றே அவர் முடிவு செய்தார்.

நோயாளியோ உயிரோடு இருந்தார்! நலமாகவும் இருந்தார்!

பின்னரே அம்மையாருக்கு உண்மை உரைக்கப்பட்டது. வழக்கு நீதிமன்றத்திலே நடப்பதன்று, ரோமாபுரியிலே நடப்பது. மாண்ட்ரியல் நகரிலே 1737-இல் ‘சாம்பல் கன்னியர்’ என்னும் துறவியர் அமைப்பைத் தோற்றுவித்தவர் மார்கரித் தியூவீல் அம்மையார். 1701-இலே பிறந்து 1771-இலே மறைந்த அவரை வேண்டிக்கொண்டதாலேயே அப்பெண் பிழைத்தார் என்பது கத்தோலிக்கர் வைத்த வாதம். புனிதர் பட்டத்திற்கு அற்புதம் ஒன்று வேண்டும். இந்தக் குருதிப் புற்றுநோயே அந்த அற்புதம் என்றனர்.

வாடிகன் மருத்துவக் குழுவோ அதனை முதலிலே தள்ளிவிட்டது. “முதல் மருந்திலே நோய் தணியவேயில்லை, இரண்டாம் மருந்திலேதான் முதன்முறையாகத் தணிந்தது, முதல் தணிவிலே பிழைப்போர் சிலர் உண்டு, இதிலே வியப்பு என்ன?” என்று கேட்டனர். ஒன்றும் அறியாத மூன்றாம் கண் ஒன்று தகடுகளைப் பார்த்து, தணிவும் மீட்சியும் மறுதணிவும் உண்மையே என்று சொன்னால் மறுபடி ஆராய்வோம் என்றனர். அந்த மூன்றாம் கண்ணே டஃபின் அம்மையாருடையது. அவர் கண்டதை எழுதினார். திருச்சபையின் விசாரணையிலே சான்றும் அளித்தார். 1990 டிசம்பர் 9-ஆம் நாள், தியூவீல் அம்மையார் கனடா மண்ணிலே பிறந்த முதல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்த விழாவிற்கு இந்த நாத்திக மருத்துவரும் அழைக்கப்பட்டார். வழக்கின் ஆவணத் தொகுப்பு அவர் கைக்கு வந்தது. இத்தகைய தொகுப்புகள் வாடிகனிலே எத்தனை உறங்குகின்றன என்ற வினா அவருள்ளே எழுந்தது. அந்த வினாவின் விளைவே நூல்.

நூலின் சிறப்பு

போற்ற வேண்டியதைப் போற்றிவிட்டே குறை கூறவேண்டும். 1588 முதல் 1999 வரை, நான்கு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தைச் சேர்ந்த 1,400 அற்புத வழக்குகளை அவர் வாடிகன் ஏடுகளிலிருந்து தேடி எடுத்து ஆராய்ந்திருக்கிறார். பழைய ஏடுகளைப் புரட்டியவர்க்கே தெரியும் அந்த உழைப்பின் அருமை. ஏளனம் செய்ய எண்ணி அவர் போகவில்லை, ஏமாறவும் போகவில்லை. யார் நோயாளி, என்ன நோய், மருத்துவர் என்ன சொன்னார், எந்தக் கருவியால் கண்டார் என்று வரிசைப்படுத்திப் பார்க்கிறார்.

பார்த்தபோது தெரிந்த உண்மை நம் சிந்தைக்கு விருந்தானது. அந்த அற்புதங்களிலே ஆகப் பெரும்பாலானவை நோய் தீர்ந்த கதைகளே! கடல் பிளந்ததும் இல்லை. கதிரவன் நின்றதும் இல்லை. காய்ச்சலும் கட்டியும் முடமும் குருடுமே மீண்டும் மீண்டும் வருகின்றன. மருத்துவம் வளர வளர அற்புதத்தின் இலக்கணமும் மாறுகிறது. முன்பு அற்புதமாக எண்ணப்பட்டது பிறகு மருத்துவர்க்கு எளிதாகிவிடுகிறது. உடனே அற்புதம் வேறொரு நோய்க்குக் குடிபெயர்கிறது. மருத்துவர் “என்னால் விளக்க இயலாது” என்று சொன்னாலன்றித் திருச்சபை “அற்புதம்” என்று சொல்ல முடியாது. ஆண்டவனின் கையொப்பத்திற்கு மருத்துவர் சான்றொப்பம் வேண்டியிருக்கிறது! நம்பிக்கையின் மாளிகை அறிவியலின் தூணிலே சாய்ந்து நிற்கும் காட்சியை, ஒரு சுடுசொல்லும் கூறாமல் நம் கண்முன்னே நிறுத்துகிறார் ஆசிரியர். இது நூலின் பெருவெற்றி. நூறு மேடைகளிலே முழங்கியும் நாட்ட முடியாததை நான்கு நூற்றாண்டு ஏடுகளைக் கொண்டு நாட்டியிருக்கிறார்.

மருந்தை மறந்த கணக்கு

இனிக் குறைக்கு வருவோம். அந்தப் பெண் எப்படிப் பிழைத்தார்? வேண்டுதல் ஒன்றால் மட்டுமா? இல்லை. பல்கலைக்கழக மருத்துவமனையிலே, கடுமையான வேதிமருந்தை ஒருமுறைக்கு இருமுறை ஏற்றுக்கொண்டவர் அவர். மயிரும் உதிரும், வாயும் புண்ணாகும், உயிரே ஊசலாடும் மருத்துவம் அது. 1973 முதலே, சைட்டராபின் என்னும் மருந்தை ஏழு நாளும் டானோரூபிசின் என்னும் மருந்தை மூன்று நாளும் செலுத்தும் முறை மருத்துவ உலகிலே பரவத் தொடங்கியிருந்தது. இரண்டாம் தணிவிலே நெடுநாள் வாழ்வது அந்நாளிலே அரிது, மிக அரிது, ஆனால் அறவே நிகழாதது அன்று. அரிது என்பது வேறு, இயலாதது என்பது வேறு. ஆயிரத்திலே ஒருவர் பிழைப்பார் என்றால், அந்த ஒருவர் யாராவது இருக்கத்தானே வேண்டும்?

திருச்சபையின் பழைய விதியை எடுத்துப் பார்ப்போம். பின்னாளிலே பதினான்காம் பெனடிக்ட் என்னும் போப்பாண்டவராக விளங்கிய லாம்பர்ட்டினி, 1734 முதல் 1738 வரை வெளியிட்ட பெருநூலிலே இலக்கணம் வகுத்தார். நோய் கொடியதாக இருக்கவேண்டும். தானே தீரும் இயல்பு உடையதாக இருத்தல் கூடாது. மருந்து கொடுக்கப்பட்டிருக்கக் கூடாது, கொடுத்திருந்தால் பயன்படாமற் போயிருக்க வேண்டும். குணம் திடீரென்று, முழுமையாக, நிலைத்து நிற்பதாக இருக்கவேண்டும். அறிவுக் கூர்மையுள்ள இலக்கணம் என்பதிலே ஐயமில்லை. அந்த உரைகல்லிலே இந்த வழக்கை உரைத்தால் என்ன ஆகும்? மருந்து கொடுக்கப்பட்டது, கொடுத்தபின் நோய் தணிந்தது, மருந்து ‘பயன்படவில்லை’ என்று எதைக்கொண்டு சொல்வது? இந்த இடத்திலே நூலாசிரியர் இன்னும் அழுத்தமாகக் கேட்டிருக்க வேண்டும். மருந்து கண்டவர், மருந்து செலுத்தியவர், இரவெல்லாம் விழித்துக் காய்ச்சலைப் பார்த்த செவிலியர், குருதி வழங்கிய முகந்தெரியாத மக்கள், இவர்களின் பெயர்கள் எந்தப் பலிபீடத்திலும் ஏறவில்லையே! உழைத்தவன் ஒருவன், உரிமை கொண்டாடுபவன் மற்றொருவன் என்னும் பழைய கதை மருத்துவமனையிலும் நடக்கலாமா?

தியூவீல் அம்மையாரை இகழ்வது நம் நோக்கமன்று. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், மாண்ட்ரியல் மருத்துவமனையை ஏற்று நடத்தி, ஏழை நோயாளிக்குத் தம் கையாலேயே தொண்டு செய்தவர் அவர். அந்தத் தொண்டே அவரைப் போற்றப் போதும். அவர் மறைந்து இரு நூற்றாண்டுக்குப் பின் யாரோ ஒருவரின் எலும்பு மச்சையிலே நடந்தது அதற்கு எதற்கு?

தானே தணிந்த நோய்கள்

“மருந்தே கொடாமலும் இந்த நோய் தணிந்தது உண்டே, அதற்கு என்ன சொல்கிறாய்?” என்று கேட்பார் உண்டு. உண்டு, மருத்துவ ஏடுகளிலேயே உண்டு. ஏடுகளிலே அதனை எழுதிவைத்தவர் மருத்துவரே அன்றி மதகுருமார் அல்லர்.

1845-இலே பெர்லினில் விர்ச்சோவும் எடின்பரோவிலே பென்னட்டும் இந்நோயை விளக்கி எழுதினர். அதன்பின் நூறாண்டுக் காலம் அதற்கு மருந்தில்லை. அந்நாளிலும் ஒரு சிலர்க்கு, சில நாட்களுக்கு, நோய் தானே அடங்கியது. எப்போது அடங்கியது என்று மருத்துவர் உற்று நோக்கினர். கடுமையான வேறொரு தொற்றுநோய் தாக்கிய பிறகு! நிமோனியா வந்தது, குருதியிலே கிருமி பரவியது, காய்ச்சல் கொதித்தது; காய்ச்சல் தணிந்தபோது புற்று அணுக்களும் குறைந்திருந்தன. 1953-இலே பியர்மன் முதலான அமெரிக்க மருத்துவர், கிருமித் தொற்றும் அம்மையும் கண்ட பின்னே குழந்தைகளுக்கு இந்நோய் தணிந்ததை ஆராய்ந்து எழுதினர். பூனைகளின் வெள்ளணுவை அழிக்கும் நோய் ஒன்றின் நச்சுயிரைக்கூடச் செலுத்திப் பார்த்தனர். அதற்கும் முன்னே, 1891-இலே, நியூயார்க் நகரத்து அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, அக்கித் தொற்றுக்குப்பின் கழுத்துக் கட்டி மறைந்த ஒருவரின் வரலாற்றைத் தேடிப் பிடித்து, அதே தொற்றை மற்றொரு நோயாளிக்கு வேண்டுமென்றே உண்டாக்கினார். அந்த முறையிலே ஆபத்தும் இருந்தது, குறையும் இருந்தது. ஆயினும் அவருடைய வினா சாகவில்லை. உடலின் காவற்படை கிருமியோடு போரிடக் கிளர்ந்தெழும்போது புற்று அணுவையும் சேர்த்துத் தாக்குகிறது என்னும் கருத்து அந்த வினாவிலிருந்தே வளர்ந்தது. உடலின் எதிர்ப்பாற்றலையே மருந்தாக்கும் இன்றைய மருத்துவத்தின் முன்னோடிகளிலே கோலியும் ஒருவர்.

வியத்தகு நிகழ்ச்சி ஒன்றைக் கண்டதும் கோலி மண்டியிட்டிருந்தால் அங்கே ஒரு மண்டபம் எழுந்திருக்கும். அவர் வினவினார், ஆகவே ஒரு மருத்துவமே எழுந்தது.

கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. இவ்வாறு தானே தணியும் குருதிப் புற்று பெரும்பாலும் நிலைப்பதில்லை. சில வாரம், சில திங்கள். பிறகு நோய் திரும்பிவிடும். நெடுநாள் நின்றவை மிகச் சிலவே. ‘தணிந்தது’ என்பதை ‘தீர்ந்தது’ என்று படிப்பவன் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன். பொருள் கூட்டிப் படிக்கத் தெரியாதவன்.

மற்றொரு வகையையும் எடுத்துக்கொள்வோம். டவுன் நோய்க்குறியோடு பிறக்கும் குழந்தைகளிலே ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கு, பிறந்த உடனேயே குருதியிலே லூக்கிமியா போன்ற அணுக்கள் காணப்படும். மருந்தின்றியே, பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று திங்களுக்குள் அவை மறைந்துவிடும்! பார்ப்பவர்க்கு இதைவிடப் பெரிய அற்புதம் உண்டோ? ஆய்வாளர் இங்கும் வினவினர். காட்டா-1 என்னும் மரபணுவிலே ஏற்படும் மாற்றமே இதற்கு அடிப்படை என்பது 2002-இலே தெரியவந்தது. கருவிலேயே தோன்றிப் பிறந்தபின் அடங்கும் அணுக்கூட்டம் இது என்பதும் விளங்கிற்று. இக்குழந்தைகளிலே நூற்றுக்கு இருபது, முப்பது பேர்க்கு நான்கு வயதிற்குள் உண்மையான லூக்கிமியா தோன்றக்கூடும் என்பதும் தெரிந்தது. ஆகவே, குழந்தையை விடாமல் கண்காணிக்கின்றனர். “அற்புதம்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தால்?

மூழ்கியவர் படம் எங்கே?

பழைய கிரேக்க நாட்டிலே டயகோரஸ் என்றொரு நாத்திகர் இருந்தார். கடவுளை வேண்டிப் புயலிலே பிழைத்தவர்கள் காணிக்கையாக வைத்த படங்களைக் கோயிலிலே அவருக்குக் காட்டி, “இப்போதாவது நம்புகிறீரா?” என்று கேட்டார்களாம். “வேண்டிக்கொண்டே மூழ்கியவர்களின் படங்கள் எங்கே?” என்று அவர் திருப்பிக் கேட்டாராம். ஈராயிரம் ஆண்டுகளாகியும் அந்த வினாவிற்கு விடை வரவில்லை.

டஃபின் அம்மையாரின் 1,400 வழக்குகளையும் இந்த வினாவோடுதான் படிக்கவேண்டும். அவை பிழைத்தவர்களின் ஏடு. அதே புனிதரை அதே உருக்கத்தோடு வேண்டி, அதே நோயால் மாண்ட குழந்தைகளின் ஏடு எந்தப் பெட்டகத்திலும் இல்லை. பள்ளியிலே தேறியவர் பெயரை மட்டும் எழுதி, தேறாதவர் பெயரையெல்லாம் அழித்துவிட்டு, “எம் பள்ளியிலே நூற்றுக்கு நூறு தேர்ச்சி” என்று ஒரு தலைமையாசிரியர் பறைசாற்றினால், கல்வி அதிகாரி ஒப்புவாரா? அவர் தேடி எடுத்த ஏடுகள் ஒருபக்க ஏடுகள் என்பதை நூலாசிரியர் அறியாதவர் அல்லர். ஆயினும் அதை அதிகாரத்துக்கு அதிகாரம் நினைவூட்டியிருக்க வேண்டும்.

திருச்சபையின் விசாரணையிலே எதிர்வாதம் செய்வதற்கென்றே ஒருவர் இருந்தார். ‘சாத்தானின் வழக்கறிஞர்’ என்று அவரை மக்கள் அழைத்தனர். 1983-இலே இரண்டாம் ஜான் பால் செய்த மாற்றத்தால் அவருடைய பழைய அதிகாரம் குறைந்தது. 2016-இலே வகுத்த விதியின்படி, மருத்துவக் குழுவின் ஏழு பேரிலே ஐந்து பேரேனும் இசைந்தாக வேண்டும். விதிகளின் நேர்மையை நான் ஐயுறவில்லை. எத்தனை பேர் கையுயர்த்தினாலும், ‘எங்களுக்கு விளங்கவில்லை’ என்பதன் கூட்டல் தொகை ‘எங்களுக்கு விளங்கவில்லை’ என்பதே. ஐந்து சுழியைக் கூட்டினால் ஒன்று வருமா?

இது தொலைநாட்டுச் செய்திதானே என்று நாம் இருந்துவிட முடியாது. குமரி மாவட்டத்து நட்டாலத்திலே பிறந்த தேவசகாயம் பிள்ளை 2022 மே 15-இலே புனிதராக அறிவிக்கப்பட்டபோதும், மருத்துவத்தால் விளக்கவியலாத நிகழ்ச்சி ஒன்று சான்றாகக் காட்டப்பட்டது. ஒரு மதத்தை மட்டும் சுட்டுவதும் முறையன்று. தாயத்தும் தீர்த்தமும் திருநீறும் விற்போர் கடைகளிலே இந்த விசாரணைகூட இல்லை, கண்ணாடித் தகடும் இல்லை, நுண்ணோக்கியும் இல்லை, “பிழைத்தான், படைத்தவன் பிழைக்கவைத்தான்” என்பதோடு சரி. அந்த வகையிலே ரோமாபுரி எவ்வளவோ மேல்.

அம்மையாரின் வினாவும் நம் விடையும்

2016 செப்டம்பரிலே, அன்னை தெரசாவிற்குப் புனிதர் பட்டம் வழங்கிய வேளையிலே, டஃபின் அம்மையார் நியூயார்க் டைம்ஸ் நாளேட்டிலே ஒரு கட்டுரை எழுதினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழிந்தும் அந்தப் பெண் உயிரோடு இருக்கிறார். ஏன் என்று இன்றும் என்னால் விளக்க முடியவில்லை. அவர் அதனை அற்புதம் என்கிறார். என்னுடைய விளக்கவியலாமை அவருடைய நம்பிக்கையை வெல்லவேண்டும் என்பது எதனாலே? இவ்வாறு கேட்டு முடித்தார்.

கேள்வியிலே கனிவு இருக்கிறது. நோயாளியின் உள்ளத்தை மதிக்கும் பண்பு இருக்கிறது. சாவின் வாயிலிலிருந்து திரும்பி வந்தவர் தம் நன்றியை எங்கே வைப்பது என்பது அவருடைய உரிமை, அதனை யாரும் பறிக்கக் கூடாது, பறிக்கப்போவதும் இல்லை. ஆனால் கேள்வி பிழையான இடத்திலே நிற்கிறது. விளக்கவியலாமை எதையும் வெல்லவேண்டியதில்லை. அது போட்டியிலேயே இல்லை. ‘தெரியவில்லை’ என்பது ஒரு விடையன்று. விடை எழுதவேண்டிய இடம். மாணவன் ஒருவன் விடைத்தாளிலே ஓரிடத்தை வெற்றாக விட்டிருந்தால் நான் அங்கே மதிப்பெண் இடுவதில்லை. “மீண்டும் முயல்க” என்று எழுதுகிறேன். பக்கத்து மாணவன் ஓடிவந்து, “ஐயா, அந்த வெற்றிடம் என்னுடைய விடை” என்றால் அவனுக்கு மதிப்பெண் இடுவேனா?

அந்த வெற்றிடத்தை மருத்துவம் எப்படி நிரப்பியது என்பதற்கு, இதே குருதிப் புற்றின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1957-இலே நார்வே நாட்டு மருத்துவர் ஹில்லெஸ்டாட், புரோமைலோசைட்டிக் லூக்கிமியா என்னும் வகையை விளக்கினார். குருதி உறையாமல் வழிந்து, சில வாரங்களிலே ஆளைக் கொல்லும் ஆகக் கொடிய வகை என்றார். 1985-இலே சாங்காய் நகரத்து ருய்ஜின் மருத்துவமனையைச் சேர்ந்த வாங் ஜென்யி, இந்நோயால் மடியும் நிலையிலிருந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு உயிர்ச்சத்து ஏ-யின் உறவான ரெட்டினோயிக் அமிலத்தைக் கொடுக்கச் செய்தார். அணுக்களைக் கொல்லும் மருந்தன்று அது. முதிராத அணுவை முதிரச் செய்யும் மருந்து. பொல்லாத பிள்ளையை அடித்து விரட்டாமல் அறிவு புகட்டி ஆளாக்குவது போன்றது. சிறுமி பிழைத்தாள். 1988-இலே இருபத்துநான்கு நோயாளிகளின் வரலாறு வெளிவந்தது. அன்று ஆகக் கொடியதாக இருந்த அந்த வகையிலே, உரிய நேரத்திலே மருத்துவம் பெறுவோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அளவில் இன்று பிழைக்கின்றனர். 1957-இலே ஒருவர் பிழைத்திருந்தால் அவர் பெயரால் ஒரு புனிதர் தோன்றியிருப்பார். இன்று பிழைப்போர்க்குச் சீட்டெழுதித் தருகிறார் மருத்துவர்!

எதற்காக இந்த வாதம்?

“யாரோ நம்புகிறார்கள், நம்பிவிட்டுப் போகட்டும், உனக்கென்ன?” என்று கேட்கலாம். எனக்கென்ன என்று இருக்கமுடியவில்லை. ஒரு சொல்லிலே குழந்தைகளின் உயிர் தொங்குகிறது.

குழந்தைகளைத் தாக்கும் லூக்கிமியாவிலே, நோய் தெரியும் வேளையில் உடலிலே ஓர் இலட்சம் கோடி அளவிலே புற்று அணுக்கள் இருக்கக்கூடும். முதல் திங்களிலே மருந்து கொடுத்ததும் மச்சையிலே அவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாகிவிடும். ‘தணிவு’ என்கிறார் மருத்துவர். குழந்தை எழுந்து விளையாடுகிறது, கன்னம் சிவக்கிறது, சோறு கேட்கிறது. ஆயினும் உள்ளே ஆயிரம் கோடி வரையில் புற்று அணுக்கள் மறைந்து கிடக்கக்கூடும்! ஆகவேதான் இரண்டு, மூன்று ஆண்டுகள் மருத்துவம் தொடரவேண்டும் என்கின்றனர். ஏழை நாடுகளிலே இந்த இடத்திலேதான் பல குழந்தைகள் மருத்துவத்தை விட்டு நீங்குகின்றன. வறுமை ஒரு காரணம்; தொலைவு ஒரு காரணம்; “தீர்ந்துவிட்டது” என்ற மயக்கமும் ஒரு காரணம். அந்த மயக்கத்திலே இருக்கும் தாயின் காதிலே “அற்புதம்” என்ற சொல் விழுந்தால் என்ன ஆகும்? நேர்த்திக்கடன் செலுத்த ஊருக்குப் போவாள், மருத்துவமனைக்குத் திரும்பமாட்டாள். நோய் திரும்பி வரும்.

1948-இலே பாஸ்டன் நகரிலே சிட்னி ஃபார்பர் பதினாறு குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்தார். பத்துப் பேர்க்கு நோய் தணிந்தது, ஆனால் நிலைக்கவில்லை. வேறொருவராயின் “பத்து அற்புதம்” என்று பறையறைந்திருப்பார். அவர் “தற்காலிகம்” என்றே எழுதினார். அந்த ஒரு சொல்லின் நேர்மையிலிருந்தே அடுத்த மருந்துக்கான தேடல் தொடர்ந்தது. 1962-இலே மெம்பிஸ் நகரில், கைவிடப்பட்டோரின் காவலர் எனக் கத்தோலிக்கர் போற்றும் ஜூட் என்னும் புனிதரின் பெயராலே குழந்தைகள் மருத்துவமனை ஒன்று எழுந்தது. பெயர் புனிதருடையது, அதற்குள்ளே நடந்ததோ ஆய்வு. டொனால்டு பிங்கல் என்னும் மருத்துவர் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, மூளையிலே ஒளிந்திருக்கும் அணுக்களையும் தேடி அழிக்க வழிகண்டார். 1967-இலே தொடங்கிய அவருடைய ஐந்தாம் திட்டத்திலே ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைத்தனர். இன்று வளமிக்க நாடுகளிலே பத்துக் குழந்தைகளில் ஒன்பது பிழைக்கின்றன. இந்தக் கணக்கிலே மாண்ட குழந்தைகளும் எண்ணப்பட்டிருக்கின்றன. மூழ்கியவர் படத்தையும் சேர்த்து மாட்டிய கோயில் அது ஒன்றே!

ஆகவே, டஃபின் அம்மையாரின் நூலைப் படியுங்கள். வெறுப்பின்றி எதிர்த்தரப்பின் ஏடுகளை ஆராய்வது எப்படி என்பதற்கு அது நல்ல பாடம். தாம் நம்பாத ஒரு மன்றத்தின் முன்னே சென்று, கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன அவர் நேர்மைக்குத் தலைவணங்குங்கள். ஆனால் ‘அற்புதம்’ என்ற சொல்லை, விளக்கம் கிடைக்காத வியப்புக்குப் பெயராக அவர் ஒப்புக்கொள்ளும் இடத்திலே மட்டும் நின்று எதிர்க்குரல் கொடுங்கள். அவர் கையிலே இருந்தது நுண்ணோக்கி. அதன்வழியே கண்டது மூன்று உண்மை: நோய் இருந்தது, தணிந்தது, காரணம் தெரியவில்லை. மூன்றாவது உண்மைக்குப் பக்கத்திலே யார் பெயரையும் எழுதாதீர்கள். அந்த இடம் வெற்றாகவே இருக்கட்டும். நாளை எங்கோ ஒரு பள்ளியிலே படித்து எழும் பிள்ளை அங்கே விடை எழுத வரும். அதற்கு இடம் வைப்பதே நம் கடன்.